வேங்கைப் பீப்பாய்

ஆவணியின் கடைசி ஞாயிறு எங்கள் நால்வருக்கும் முக்கியமான நாள். அடுத்து புரட்டாசி பிறந்துவிடும். எங்கள் பக்கத்தில் புரட்டாசியில் கறி சமைக்கும் வீடுகளே குறைவு; பாட்டிலைத் தொடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் விரதத்துக்கு முன் ஒருமுறை கூடி, நல்லதாக ஒரு ஸ்காட்ச்சைத் திறந்து, முகர்ந்து, பேசிக் கலைவோம். போன வருஷத்து ஆவணிக் கடைசி ஞாயிறு எனக்குள் உண்டாக்கிய அருவருப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. தபால் நிலையத்தில் தினமும் காலையில் தேதி முத்திரையை மாற்றி வைத்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்லத் தெரியும்.

மற்ற மாதங்களிலும் சில ஞாயிறுகளில் கூடுவதுண்டு; எப்போதும் ரைஸ்மில் முதலாளியின் வீட்டில். கோமுகி அணைக்குக் கீழே, கல்வராயன் மலை கொல்லைப்புறத்தில் வந்து நிற்பதுபோன்ற ஓர் இடத்தில் அவருக்கு நிலமும் அதில் ஒரு வீடும் உண்டு. இரண்டாமவர் உளுந்தூர்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், எங்களில் வயது குறைந்தவர். மூன்றாமவர் ஒரு சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்காவது நான்.

உண்மையில் இந்தக் குழுவுக்கு நாக்கு என்று ஒன்று இருந்தால் அது கெமிஸ்டுடையது. நாங்கள் மூவரும் அவரிடமிருந்து சொற்களைக் கடன் வாங்கிக்கொண்டோம். பிளெண்டட் மால்ட் என்றால் என்ன என்பதையே அவர்தான் எங்களுக்கு விளக்கினார். அந்தப் பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பிளெண்டட்னா கலப்படந்தானே சார்? அதுக்கு எதுக்கு இம்மாம் வெல?" என்று கேட்டார் மில் முதலாளி.

"கலப்படம் இல்லீங்க. பார்லிய மொளக்கட்டி, அத வெச்சி ஒரே எடத்துல காய்ச்சினா சிங்கிள் மால்ட். நாலு எடத்துல காய்ச்சின மால்ட்ட ஒண்ணா சேத்தா பிளெண்டட் மால்ட். உள்ள இருக்கறது எல்லாம் மால்ட்தான். மக்காச்சோளம், கோதுமைன்னு வேற தானியத்துல காய்ச்சினத அதுல ஊத்தினாதான் சாதா பிளெண்டு. நீங்க மில்லுல ரெண்டு ஊரு பொன்னிய ஒண்ணா கொட்டி அரைக்கறீங்களே, அந்த மாதிரி."

"பொன்னியோட குண்டு நெல்ல கொட்டினா?"

"அது நீங்க மூட்டைல பொன்னின்னு எழுதி விக்கறது."

முதலாளியும் சேர்ந்துதான் சிரித்தார். அப்போது அவரிடம் எனக்கு வெறுப்பு இருக்கவில்லை.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடிக் கிளாஸில் ஊற்றியதும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முதல் சொல் வீட்டுக்காரருடையது. மில் முதலாளி கண்ணை மூடி முகர்ந்து, ஒரு வாய் குடித்து, "தேன்" என்பார். உடனே டாக்டர், "மலைத்தேன், அண்ணே" என்பார். முதலாளி "ஆப்பிள்" என்றால் டாக்டருக்கு அது பச்சை ஆப்பிளாகிவிடும். ஒருமுறை முதலாளி "பேரிக்காய்" என்று சொன்னபோது, கடைசியாக எப்போது பேரிக்காய் சாப்பிட்டீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. முதல் சொல்லை மறுக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. கெமிஸ்ட் மட்டும் மறுக்காமல், கூடவே சொல்லாமல், மெல்லத் தலையாட்டிக்கொண்டு வேறு ஏதோ ஒன்றைத் தனக்குள் ரசித்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் குடித்துக்கொண்டிருந்த ஊர் எது என்பதையும் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி என்ற பெயரைக் கேட்டாலே வெளியூர்க்காரர்களுக்குச் சாராயச் சாவுகள்தான் நினைவுக்கு வரும். அந்த ஆனி மாதத்தில் ஊருக்குள் அடுத்தடுத்துப் பந்தல் போட்டிருந்ததை நான் நடந்து பார்த்திருக்கிறேன். அதன் பிறகு நாங்கள் கூடிய முதல் ஞாயிறு, முதலாளி தட்டிலிருந்த ஆட்டு ஈரலை விரலால் புரட்டிக்கொண்டே, "அவனுங்க குடிச்சது வெசம். நாம குடிக்கறது வேற. இது ஒரு கல்ச்சர்" என்றார். டாக்டர் ஆமோதித்தார். எண்ணெய் வழியும் அதே விரலால் முதலாளி என் கிளாஸுக்குள் ஐஸ் கட்டியைப் போட்டார். விஸ்கியின் மேல் கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. குமட்டலோடு அந்தக் குழுவில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

கெமிஸ்ட்டுக்கு ஒரு ஆசை இருந்தது. எங்களுக்கென்று சொந்தமாக ஒரு பிளெண்டட் மால்ட். நாங்கள் திறக்கும் ஒவ்வொரு சிங்கிள் மால்ட்டிலும் கடைசியாக மிஞ்சுவதைக் குடிக்காமல் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் சேர்ப்பது. சும்மா ஊற்றுவது அவருக்குப் பிடிக்காது. வீட்டிலிருந்து அளவுக் குழாய் கொண்டுவருவார். புகை வாசம் தூக்கலான சரக்கைக் குழந்தைக்கு மருந்து அளப்பதுபோல் அளந்து சேர்ப்பார். திராட்சை மது வைத்திருந்த பீப்பாயில் ஊறிய சரக்கு என்றால் தாராளமாக ஊற்றுவார். "இது ஒண்ணோட ஒண்ணு பழகணும்" என்பார். ஜாடி முதலாளி வீட்டு அலமாரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. நடுவில் ஒருமுறை கெமிஸ்ட் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து எங்களை முகரச் சொன்னார். அந்த வாசனையை விவரிக்க எனக்கு வராது. நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலைப் பார்த்த சென்னை டாக்டர் அன்றே நிறுத்தச் சொன்னார். வீட்டில் மகள் அழுதிருக்கிறாள். கெமிஸ்ட் அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்தார்: புரட்டாசி முதல் தேதியிலிருந்து ஆயுளுக்கும் தொடமாட்டேன், அதற்கு முன் ஒரே ஒரு கிளாஸ், என் கையால் சேர்த்தது. சொன்னால் சொன்னதுதான் என்று இருக்கும் மனிதர். ஆடி மாதம் முழுக்க அவர் எங்களுடன் வந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு கிளாஸை ஆவணிக் கடைசி ஞாயிறுக்கு வைத்திருந்தார்.

அன்று முற்பகலில் மருமகன் அவரைக் காரில் கொண்டுவந்து இறக்கினான். நான்கு மணிக்கு வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிப் போனான். கெமிஸ்ட் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, சொந்தமாக ஒரு கிளாஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். காலையில் இட்லியோடு சட்னி சாம்பார்கூட வேண்டாம் என்று வெறும் இட்லி சாப்பிட்டதாக என்னிடம் சொன்னார். வாய் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

"சாருக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றார் முதலாளி. கதவருகே மேசையில் போர்த்தியிருந்த பட்டுத்துண்டை விலக்கினார்.

பீப்பாய். ஒரு முழ நீளம் இருக்கும். எங்கள் ஊரில் சாமி சிலையும் வாகனமும் செதுக்குகிறவர்கள் நிறைய. அவர்களில் ஒருவரிடம் சொல்லிச் செய்திருக்கிறார். சுற்றிலும் கொடி வேலைப்பாடு; சரக்கு வடியும் குழாயில் யாளி முகம். முன்பக்கத்தில் ஒரு தாமரை.

"நம்ம ஜாடி?" என்று கேட்டார் கெமிஸ்ட்.

"மாசிலயே இதுல ஊத்திட்டேன். சீமைல கூட மரத்துலதானே ஊற வெக்கறான்? கண்ணாடில வெச்சா வளராதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"இன்னா மரங்க இது?"

"வேங்கை. பழைய வூட்டு நெலப்படி. எங்க தாத்தா காலத்து மரம். எனக்கு சுகர் இருக்கே, வேங்கை டம்ளர்ல தண்ணி ஊத்தி வெச்சிக் குடிச்சிகினுதான் இருக்கேன். நல்லா கொறையுது. அத வெச்சிதான் யோசன வந்துது. டேஸ்ட்டுக்கு டேஸ்ட்டும் ஆச்சி, சுகருக்கு மருந்தும் ஆச்சி."

"ஒழுகலையா?"

"மொதல்ல ஒழுகிச்சி. உள்பக்கம் குங்கிலியம் காய்ச்சிப் பூசிட்டாரு."

வேங்கையைப் பற்றிப் பழைய மாவட்டக் கையேடுகளில் படித்திருக்கிறேன். வெட்டினால் ரத்தம்போலப் பிசின் வடியும். சாயம் ஏற்றவும் தோல் பதப்படுத்தவும் அதை ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். தோலைப் பதப்படுத்துவது நாக்கை என்ன செய்யும் என்று அந்த நொடியில் எனக்கு ஓடியது. கெமிஸ்ட்டின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எனக்காக இவ்ளோ பண்ணியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரின் மைத்துனர் சிங்கப்பூர் விமான நிலையத்தில் வாங்கிவந்த நிஜமான பிளெண்டட் மால்ட் ஒன்றும் மேசையில் இருந்தது, சீல் பிரிக்காமல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதை முதலில் திறக்கலாம் என்றேன் நான்.

"அது எதுக்கு மொதல்ல? நம்ம சரக்குக்குத்தான் முதல் மரியாத" என்று முதலாளி யாளியின் வாயைத் திருகினார்.

விழுந்த திரவம் மருதாணிக் கரைசல் நிறத்தில் இருந்தது. கிளாஸில் அடியில் கறுத்து, ஓரத்தில் சிவந்து நின்றது. முகர்ந்தால் பூட்டிக் கிடந்த மர பீரோவைத் திறந்த வாசனை. அதற்குப் பின்னால் மாரியம்மன் கோயில் கருவறைப் புகை. அதற்கும் பின்னால் எங்கேயோ, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல, இரண்டு வருஷத்துச் சரக்கு.

முதலாளி கண்ணை மூடினார். ஒரு வாய் குடித்தார். உதடு லேசாக உள்ளே இழுத்தது. பிறகு முதல் சொல் வந்தது.

"சந்தனம்."

"மைசூர் சந்தனம், அண்ணே" என்றார் டாக்டர்.

நானும் ஒரு வாய் குடித்தேன். பச்சைப் பாக்கை மென்று அதன்மேல் வாழைப்பூக் காம்பைக் கடித்ததுபோல் இருந்தது. கன்னத்தின் உட்புறம் சுருங்கிப் பல்லோடு ஒட்டிக்கொண்டது. நாக்கின் மேல் யாரோ காய்ந்த தோலைப் போர்த்தித் தைத்துவிட்டார்கள். விழுங்கியபின் தொண்டையில் குங்கிலியம் பிசுபிசுத்தது. துப்ப இடம் தேடினேன். ஆனால் கெமிஸ்ட் துப்பவில்லை. அவர் மெதுவாக, ஒவ்வொரு வாயாக, கிளாஸ் முழுவதையும் குடித்து முடித்தார். அவருக்காகச் செய்த பீப்பாய். அவர் எப்படித் துப்புவார்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது டாக்டரைப் பார்த்தேன். வாஷ்பேசினில் தன் கிளாஸைக் கவிழ்த்து, குழாயைத் திறந்து, நாக்கை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தார். உள்ளே போய் உட்கார்ந்து, "அண்ணே, பினிஷ், அந்த கடைசி ருசி, எவ்ளோ நேரம் நிக்குது பாருங்க" என்றார். முதலாளியின் நெஞ்சு விரிந்தது. குடித்ததைவிட இது எனக்கு அதிகமாகக் குமட்டியது.

பிறகுதான் சிங்கப்பூர் பாட்டிலைத் திறந்தார்கள். வாக்குச் சொல்லி வைத்திருந்த அந்த ஒரு கிளாஸ் இன்னும் கிடைக்கவில்லை என்பது அவர் கணக்காக இருக்கலாம்; கெமிஸ்ட் தன் கிளாஸைத் தானே போய்க் கழுவி, துணியால் துடைத்து, நீட்டினார். கொஞ்சம்தான் வாங்கினார். முகர்ந்தார். குடித்தார். வாயில் வைத்திருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி மலைப்பக்கம் திரும்பி நின்றார். திரும்பி வந்து மேசைமேல் கிளாஸை வைத்தபோது அதில் பாதி அப்படியே இருந்தது.

"எப்பிடி சார்?" என்றார் முதலாளி.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. வாய் கட்டிப்போச்சி. எல்லாம் உங்க நெலப்படிதான் தெரியுது."

"போகப் போக சரியாய்டும். ஈரல் எடுத்துக்கங்க."

நான் சமையல்கட்டுக்குப் போய் மோர் வாங்கி வந்தேன். கெமிஸ்ட் கொப்பளித்தார். வெறும் சோறு மென்றார். வாழைப்பழம் தின்றார். கொல்லையிலிருந்து கொய்யா பறித்துக் கொடுத்தேன், அதையும் தின்றார். ஒவ்வொன்றுக்கும் பிறகு நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பார்த்து, தலையை அசைத்தார். குழந்தைக்குப் பால்பல் ஆடுவதைப் பார்ப்பதுபோல் நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இருவரும் பீப்பாயின் அடுத்த சுற்றுக்குப் போயிருந்தார்கள். அதாவது ஒருவர் குடித்தார், மற்றவர் பேசினார்.

"விடுங்க சார், இந்த வாட்டி இல்லன்னா ஐப்பசில பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

கெமிஸ்ட்டுக்கு ஐப்பசி கிடையாது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. நான் நினைவுபடுத்தினேன். "அட ஆமா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, எலும்பை உறிஞ்சிக்கொண்டே அடுத்த யோசனையைச் சொன்னார். தை மாதம் தன் மகள் கல்யாணம். வெளியூர் சம்பந்திகளுக்கு, அதிகாரிகளுக்கு, மிச்சமுள்ளதைச் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்துக் கொடுக்கப் போகிறார். லேபிள் அடிக்க ஆளும் பார்த்தாயிற்று. சாருடைய பெயரையே போடப் போகிறார், அவர் நினைவாக.

"எம் பேரா?" என்றார் கெமிஸ்ட்.

"உங்க பேருதான். நீங்க சேத்த சரக்கு இல்லியா?"

கெமிஸ்ட் எழுந்தார். பீப்பாயை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாசல் படியிறங்கினார். வேலைப்பாட்டை வெளிச்சத்தில் பார்க்கக் கொண்டுபோகிறார் என்றுதான் முதலாளி நினைத்திருப்பார். துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்து, மேலே இருந்த அடைப்புக் கட்டையை நான்கைந்து தட்டுத் தட்டிப் பிடுங்கி, பீப்பாயைக் கவிழ்த்தார்.

குபுக் குபுக் என்று கொட்டியது. கல்லைச் சுற்றித் தேங்கியிருந்த சோப்புத் தண்ணீரில் அது கலந்த இடத்தில் வெயில் பட்டு ஒரு நீல மினுக்கம் ஓடியது. வேங்கை ஊறிய தண்ணீருக்கு அந்தக் குணம் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலே சோப்பு நுரையும் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறும் சேர்ந்து சாக்கடைக்குள் போனது.

"யோவ், இன்னாய்யா பண்ற?" முதலாளி ஓடிவந்தார். மரியாதையெல்லாம் படியிலேயே உதிர்ந்துவிட்டது. "எல்லார் சரக்கும்யா அதுல கீது. நான் வாங்கினது எத்தினி பாட்டிலு தெரியுமா?"

"தெரியுங்க. நான்தான அளந்தேன்."

"அப்ப எதுக்கு ஊத்தின?"

"கெட்டுப்போச்சிங்க. கெட்டத கொட்டணும். ஆலைல அப்பிடித்தான் பண்ணுவோம்."

"கெடலயே, நல்லாத்தான இருந்துது. டாக்டரே, நீ சொல்லு."

டாக்டர் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் டானின் ஜாஸ்தி, அண்ணே. மரத்துத் தொவர்ப்பு" என்றார். இவ்வளவு நேரமும் சந்தனமாக இருந்தது அப்போதுதான் டானின் ஆயிற்று. முதலாளி உள்ளே போய், சிங்கப்பூர் பாட்டிலை மூடி, பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார். வாசலில் காரின் ஹாரன் கேட்டது.

நானும் அந்தக் காரிலேயே கிளம்பினேன். மருமகன் வண்டியை எடுக்கும்போது டாக்டர் தன் காரிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வேகமாக வந்தார். ஜன்னல் வழியாகக் கெமிஸ்ட்டின் மடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை வைத்தார்.

"அண்ணன் பூட்றதுக்கு முன்னாடியே ஒரு பெக் தனியா எடுத்து வெச்சேன் சார், உங்களுக்குன்னு. வாய் தெளிஞ்சதும் குடிங்க. யாருக்கும் சொல்லாதீங்க." அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்த ஒரு நிமிஷம் அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு லாரி ஒன்றின் பின்னால் வெகுநேரம் ஊர்ந்தோம். கெமிஸ்ட் கன்னத்தை உள்ளுக்குள் நாக்கால் தடவிக்கொண்டே வந்தார். ஊருக்கு முன்னால் ஒரு புளியமர வரிசையருகே, "வந்துடுச்சி" என்றார்.

"இன்னாது மாமா?"

"வாய். எச்சி ஊறுது. வண்டிய ஓரங்கட்டு தம்பி."

இறங்கினார். துணியைப் பிரித்துத் தன் கிளாஸை எடுத்து என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். டாக்டர் கொடுத்த பாட்டிலின் மூடியைத் திறந்து கிளாஸில் ஊற்றினார். நல்ல பொன்னிறம். மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு கிளாஸை என் மூக்குக்கு நீட்டினார்.

புதினா. பல் டாக்டர் கிளினிக்கில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும்போது வரும் அந்த மருந்துப் புதினா. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். வாய் கொப்பளிக்கும் மருந்துக்கான பாட்டில். டாக்டர் கையில் கிடைத்ததைக் காலிசெய்து, கழுவக்கூடச் செய்யாமல், அதில் பிடித்திருக்கிறார்.

"மாமா, திரும்பிப் போலாமா? அவுரு பாட்டில்ல இன்னும் இருக்குமில்ல?" என்றான் மருமகன். நல்ல பையன். வண்டியைத் திருப்பத் தயாராகவே இருந்தான். பொழுதும் இருந்தது.

"கேட்டா குடுப்பாரு. அவுரு விரலால ஐஸ் போட்டுக் குடுப்பாரு" என்றார் கெமிஸ்ட். "வேணாம் தம்பி."

கிளாஸில் இருந்ததை முழுக்க வாயில் ஊற்றிக்கொண்டார். விழுங்கவில்லை. தலையை அண்ணாந்து தொண்டையில் கடகடவென்று கொப்பளித்தார், பல் டாக்டர் சொல்லிக்கொடுப்பதுபோல. புளியமரத்து அடியில் துப்பினார். கிளாஸை உதறித் துணியில் சுற்றினார்.

அவர் வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். அருகில் வந்ததுமே முகர்ந்துவிட்டாள்.

"இன்னாப்பா, மின்ட்டு வாசன வருது. குடிச்சத மறைச்சிகினு வரியா?"

"இல்லம்மா" என்றார். "வாய் கழுவிகினு வரேன்."